ஒரே சக்கரத்தில் பேரிங் திரும்பத் திரும்பப் போவது குறித்து நண்பருக்கு எழுதிய கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. வீட்டில் அனைவரும் நலமாக இருப்பதை அறிந்து மகிழ்ந்தேன்; இங்கும் எல்லோரும் நலமே. பட்டறைப் பொறுப்பை மகன் ஏற்றுக்கொண்டுவிட்டான். நான் காலையில் மட்டும் போய், பையன்கள் கழற்றி வைத்திருப்பவற்றைப் பார்த்துத் தோன்றுவதைச் சொல்லிவிட்டு வருகிறேன். மற்றச் செய்திகளைப் பிறகு எழுதுகிறேன். உங்கள் காரின் முன் இடது சக்கரத்தில் எத்தனை முறை மாற்றினாலும் பேரிங் ஓராண்டுக்குள் சத்தம் போட்டுப் பழுதாகிவிடுவதைப் படித்ததிலிருந்து என் நினைவெல்லாம் அதிலேயே இருக்கிறது.

வளையங்களுக்கு இடையே பந்துகள் உருண்டு சக்கரத்தை இலகுவாகச் சுழலவிடும் பாகமே பேரிங்; முறையாகப் பொருத்தினால் அது ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி ஓடுவது வழக்கம். உங்கள் காரிலேயே வலப்பக்கத்தில், வண்டி வாங்கிய நாளில் இருந்த பேரிங் இன்னும் சத்தமின்றி ஓடிக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அதே சாலை, அதே சுமை, அதே ஓட்டுநர் என்று இருக்கும்போது ஒரு மூலை மட்டும் ஓராண்டுக்குள் பேரிங்கைத் தின்றுவிடுகிறது என்றால், காரணம் அந்த மூலையில்தான் இருக்க வேண்டும்: பேரிங் உட்காரும் துளையுள்ள உலோக உடலான நக்கிளிலோ, பேரிங்குக்குள் நுழைந்து சக்கரத்தைத் தாங்கும் ஹப்பிலோ, அதைப் பொருத்திய விதத்திலோ. ஆகவே பேரிங் தயாரிப்பாளரை மாற்றிப் பார்ப்பதை இத்துடன் நிறுத்திவிடுங்கள்.

முதலில் சத்தம் உண்மையில் அங்கிருந்துதான் வருகிறதா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். மேடுபள்ளமாகத் தேய்ந்த டயரும் ஏறக்குறைய இதே போலத்தான் ரீங்கரிக்கும். ஆனால் டயரின் சத்தம் சாலையின் பரப்பு மாறும்போது தானும் மாறும், பேரிங்கின் சத்தம் சுமை மாறும்போது மாறும். வண்டி வலப்பக்கம் வளையும்போது எடை இடச் சக்கரங்களின் மேல் சாய்வதால், அந்நேரத்தில் உறுமல் கூடினால் இடப்பக்க பேரிங்கைச் சந்தேகிக்கலாம். பிறகு வண்டியை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டு வைத்து, சுருள் ஸ்பிரிங்கின் மேல் விரல்களை வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுழற்றுங்கள். காதுக்குக் கேட்காத சொரசொரப்பு விரலுக்குத் தெரியும். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் மறைந்தால் அது பேரிங், மறையாவிட்டால் நக்கிளை வண்டியோடு இணைக்கும் பந்து மூட்டான பால் ஜாயிண்டைப் பார்க்க வேண்டும்.

கழற்றிய பழைய பேரிங்கைத் தயவுசெய்து தூக்கி எறிய விடாதீர்கள். அதை அறுத்துத் திறந்து, கிரீஸைத் துடைத்து, வளையங்களின் உட்பரப்பை நல்ல வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். பந்துகளுக்கு இடையேயான அதே தூரத்தில் வரிசையாகச் சிறு குழிகள் தெரிந்தால், பொருத்தும்போது பிரஸ்ஸின் அழுத்தமோ சுத்தியல் அடியோ பந்துகளின் வழியாகச் சென்றிருக்கிறது, அல்லது சக்கரம் எதன் மீதோ பலமாக மோதியிருக்கிறது. செம்பழுப்புத் துருவும் நிறம் மாறிய கிரீஸும் இருந்தால், பேரிங்கின் பக்கத்தை மூடியிருக்கும் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது. உலோகம் நீலம் பாய்ந்திருந்தால் அது அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. அப்போது பிரேக் பட்டைகளை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் முழுவதும் விடுபடாமல் உரசிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துணி துவைக்கும் பலகையைப் போல நெருக்கமான வரிகள் ஓடியிருந்தால், வண்டியில் எங்கோ வெல்டிங் செய்தபோது மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்திருக்கக்கூடும். வெளி வளையத்தின் வெளிப்பரப்பையும் விட்டுவிடாதீர்கள்: அங்கே பளபளவென்று தேய்ந்த தடமோ செம்பழுப்புப் பொடியோ இருந்தால், நக்கிளின் துளைக்குள் அந்த வளையம் நகர்ந்திருக்கிறது.

உங்கள் நிலைமையில் நான் முதலில் சந்தேகிப்பது பொருத்திய விதத்தைத்தான். நக்கிளுக்குள் பேரிங்கை இறக்கும்போது அழுத்தம் வெளி வளையத்தின் மேல் மட்டுமே விழ வேண்டும். பிறகு ஹப்பை இறக்கும்போது உள் வளையத்துக்கு அடியில் தாங்கு கொடுத்தாக வேண்டும். இந்த இரண்டாவது வேலையில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். நக்கிளை மட்டும் தாங்கவைத்து ஹப்பை அழுத்தினால் அந்த விசை முழுவதும் பந்துகளின் வழியாகவே போகும். பேரிங் அப்போதைக்கு ஒழுங்காகச் சுழலும்; சில மாதங்களில் ஊளையிடத் தொடங்கும்.

அண்மையில் எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு கார் உங்களுடையதைப் போன்றதே. வேறிடத்தில் பலமுறை பேரிங் மாற்றியும் பயனில்லை. ஹப்பை வெளியே எடுத்தால் பேரிங்கின் வெளிப்பக்க உள் வளையம் ஹப்போடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். புல்லரால் இழுக்காமல் அதை கிரைண்டரால் வெட்டி எடுத்தவர் வளையத்தோடு நிறுத்தவில்லை. வளையம் உட்காரும் ஹப்பின் கழுத்தில் குறுக்காக மயிரிழை போன்ற ஒரு வெட்டு; அதன் விளிம்பு சற்றே தூக்கி நின்றது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. நகத்தை ஓட்டினால் மாட்டும். அந்த விளிம்பின் மேல் புது வளையம் ஏறும்போது அவ்விடத்தில் மட்டும் அது விரிந்துகொடுக்கிறது. உள்ளே இருக்கும் இடைவெளியோ மைக்ரான் கணக்கிலானது, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் பந்துகளை நெருக்கினால் எந்தத் தயாரிப்பானாலும் தாங்காது. ஹப்பை மாற்றிய பிறகு அந்தக் காரில் குறை ஏதும் இல்லை.

ஆகவே உங்கள் ஹப்பின் கழுத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். அதன் முகத்தில் நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்துச் சுழற்றி நெளிவை அளக்கச் சொல்லுங்கள். பல கார்களுக்கு 0.05 மில்லிமீட்டர் அளவே எல்லை. உங்கள் காருக்கு உரியதை சர்வீஸ் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். நக்கிளின் துளையை மேல், நடு, அடி என மூன்று ஆழங்களிலும், ஒவ்வொன்றிலும் குறுக்குநெடுக்காகவும் அளக்க வேண்டும். புது பேரிங் கையால் தள்ளியே உள்ளே போய்விட்டால் அந்த நக்கிளை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. துளைக்குள் சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கருவியால் புள்ளி குத்தியோ பசை தடவியோ இறுக்கிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். உயிரைச் சுமக்கும் சக்கரத்தில் அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அடுத்தது ஆக்சிலின் முனையில் முறுக்கும் ஆக்சில் நட்டு. இரு உள் வளையங்களையும் ஒன்றோடொன்று நெருக்கிப் பிடித்து, பேரிங்கின் உள் இறுக்கத்தைத் தீர்மானிப்பது அதுதான். காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் கன்னால் அடித்து முறுக்கியதோடு விட்டிருந்தால் அந்த இறுக்கம் எவ்வளவென்று யாராலும் சொல்ல முடியாது. புது நட்டைப் போட்டு, சக்கரத்தின் மேல் எடை இறங்குவதற்கு முன், கையேட்டில் சொன்ன அளவுக்கு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்கச் சொல்லுங்கள். பேரிங்கின் ஒரு பக்கச் சீலில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பின் சென்சாருக்கான காந்த வளையம் இருந்தால், அந்தப் பக்கம் சென்சாரை நோக்கியிருக்க வேண்டும்.

அகலமான சக்கரங்களைப் போட்டதால் இருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். அதுவே காரணமானால் வலப்பக்கமும் போயிருக்கும். ஆனாலும் அதை அலட்சியப்படுத்த வேண்டாம். சக்கரத்தின் நடுக்கோடு வெளியே தள்ளிப்போகும்போது பேரிங்கின் மேல் நெம்புவிசை கூடுகிறது. லுண்ட்பெர்க், பாம்கிரன் என்ற இருவர் 1947இல் வெளியிட்ட கணக்கின்படி, பந்து பேரிங்கின் ஆயுள் சுமையின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறையும்: சுமை கால் பங்கு கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும், இரட்டித்தால் எட்டில் ஒரு பங்காகும். பழைய சக்கரங்கள் இருந்தால் அவற்றையே திரும்பப் போடுங்கள்.

அடுத்த வாரம் கழற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்போது அருகில் இருங்கள். வளையங்களின் உட்பரப்பையும் ஹப்பின் கழுத்தையும் படமெடுத்து, துளையின் அளவுகளோடு அனுப்பிவையுங்கள். அவற்றைப் பார்த்துவிட்டு எதை மாற்றுவது என்று எழுதுகிறேன். அதுவரை புது பேரிங்கின் உறையைப் பிரிக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்