வாசித்துச் சொன்னவர்களுக்கு நன்றி

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், தங்கைகளுக்கு,

வணக்கம். பார்வையற்ற எனக்கு வங்கி எழுத்தர் வேலைக்கான ஆணை வந்துவிட்டது. மேலூர்ப் பக்கம் ஒரு கிளை. ஒவ்வொரு வீட்டுக்கும் இனிப்போடு வரத்தான் ஆசை. ஆனால் உங்களில் பலர் பெயரைக்கூடச் சொல்லாமல் உதவிவிட்டுப் போனவர்கள், அதனால்தான் இந்த மடல்.

அழகர்கோயில் சாலையில், சுந்தரராஜன்பட்டியில் இருக்கும், நான் படித்த இந்தியப் பார்வையற்றோர் சங்கம் மதுரைக்காரர்களுக்குப் புதிதல்ல. தானும் பார்வையற்றவரான எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985இல் அதைத் தொடங்கினார். மாற்றுத்திறனாளிகளுக்கென நாடாளுமன்றம் சட்டம் போட்டதே அதற்குப் பத்து ஆண்டு கழித்துத்தான். 1995 சட்டம் அரசு வேலையில் 3 சதவீதம் ஒதுக்கியது, 2016 சட்டம் அதை 4 ஆக்கியது. அதில் பார்வைக் குறைபாடு உள்ள எங்களுக்கு 1 சதவீதம். சரி, தேர்வில் தேறினால்தானே அந்த ஒன்றும் கிடைக்கும்?

அங்கேதான் ஸ்கிரைப்பாக, அதாவது கேள்வியை வாசித்து நாங்கள் சொல்லும் விடையைக் குறிப்பவர்களாக, வந்த கல்லூரிப் பிள்ளைகளை நினைக்கிறேன். ஐந்து கம்பெனி, நான்கு வருட விற்பனை என்று ஒரு அட்டவணைக் கேள்வி வரும். இருபது எண்ணையும் காதால் வாங்கி மனதில் நிறுத்த வேண்டும். மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகத் தருகிறார்கள். அது இந்த ஒரு கேள்விக்கே கரைந்துபோகும். சலிக்காமல் திரும்பத் திரும்ப வாசித்தீர்கள். நான் தப்பான விடை சொல்கிறேன் என்று தெரிந்தும், பெருமூச்சு மட்டும் விட்டுவிட்டு அதையே குறித்த தங்கைக்குத் தனி நன்றி. தேர்வு விதிமுறை அதுதானம்மா!

கணினித் திரையில் உள்ளதை என்விடிஏ என்ற மென்பொருள் குரலில் வாசித்துவிடும். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் உருவாக்கியது, காசும் கிடையாது. ஆனால் ஜெராக்ஸ் எடுத்த பழைய கைடை அது எப்படி வாசிக்கும்? அதையெல்லாம் வீட்டில் இருந்தபடியே போனில் வாசித்து அனுப்பிய அக்காமார் உண்டு. நடுவில் குக்கர் விசிலும் பதிவாகியிருக்கும். அரசியலமைப்புப் பாடம் இன்றைக்கும் எனக்கு விசிலோடுதான் ஞாபகம் வருகிறது.

இதற்கு முன்னால் ஒரு தனியார் அலுவலகத்தில் என் சான்றிதழைத் தொடக்கூட இல்லை, "மாடிப்படி ஏறுவீங்களா?" என்று மட்டும் கேட்டு அனுப்பிவிட்டார்கள். அதைவிட, "தம்பி, சங்கம் ஸ்டாப் வந்துருச்சு, மெதுவா இறங்கு" என்று தினமும் குரல் கொடுத்த கண்டக்டர் அண்ணன்களைப் பற்றித்தான் நிறையச் சொல்லலாம். அவர்களுக்கும் நன்றி.

அப்புறம், ஒரு வேண்டுகோள். என்னைப் போல இன்னும் பலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்கிரைப் கிடைக்காமல் கடைசி நேரத்தில் அலைவது பெரிய பாடு. தேர்வு நாளில் ஓய்வாக இருந்தால் வருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கணக்கில் புலியாக இருக்க வேண்டியதில்லை, எண்களை நிறுத்தி நிதானமாக வாசித்தால் போதும்.

அன்புடன்,
சங்கத்தின் பழைய மாணவன்