விலை கொடுத்து வாங்கிய விளையாட்டைக் காரணம் கூறாமல் நீக்கியது குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் செயலிக் கடையின் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்.

பொருள்: அமெரிக்க உள்நாட்டுப் போர் குறித்த விளையாட்டு என் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது – காரணமும் நிவாரணமும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். நான் அரசுப் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள். 1863 ஜூலையில் பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில் மூன்று நாள் நடந்த போரை அடிப்படையாகக் கொண்ட வியூக விளையாட்டு ஒன்றை, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு தங்கள் கடையில் 499 ரூபாய் செலுத்தி வாங்கினேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேரனுக்காக வாங்கியது. உண்மையைச் சொன்னால், அவனைவிட நான்தான் அதிகம் விளையாடியிருப்பேன். சென்ற மாதம் பழைய டேப்லெட்டின் திரை உடைந்துவிட்டதால் புதியது வாங்கி, அதே கணக்கில் நுழைந்து, முன்பு வாங்கியவற்றின் பட்டியலைத் திறந்தேன். மற்ற எல்லாவற்றுக்கும் பக்கத்தில் பதிவிறக்கும் அம்புக்குறி இருந்தது. இந்த ஒன்றின் படம் மட்டும் நிறம் வெளுத்துக் கிடந்தது. அதன் கீழே ‘தற்போது கிடைக்கவில்லை’ என்று ஒரு வரி.

தங்கள் உதவிப் பிரிவுக்கு மூன்று முறை எழுதினேன். மூன்று வெவ்வேறு பெயர்களில் பதில் வந்தது. பதில் மட்டும் எழுத்துப் பிசகாமல் ஒன்றே. சர்ச்சைக்குரிய அரசியல் சின்னங்கள் பற்றிய கொள்கைக்கு முரணாக இருப்பதால் விளையாட்டு நீக்கப்பட்டதாகவும், என் புரிதலுக்கு நன்றி என்றும் அதில் இருந்தது. புரியவில்லை என்பதால்தான் மூன்று முறை எழுதினேன் என்பதை எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

எந்தச் சின்னம் என்றுகூட அவர்கள் குறிப்பிடவில்லை. அடிமை முறையைக் காக்கப் பிரிந்து சென்ற தென்மாநிலங்களின் போர்க்கொடியாகத்தான் இருக்க வேண்டும் என்று நானே ஊகித்துக்கொண்டேன்: சிவப்புத் துணி, குறுக்கே நீலப் பெருக்கல் குறி, அதன்மேல் வெள்ளை நட்சத்திரங்கள். அந்தக் கொடி கறுப்பின மக்களுக்கு எதைக் குறிக்கிறது என்பது எனக்குத் தெரியாததல்ல. 2015 ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் ஒன்பது கறுப்பினத்தவரைச் சுட்டுக் கொன்றவன் அதே கொடியுடன் எடுத்துக்கொண்ட படங்கள் வெளியானபோது, அந்தக் கொடியைச் சட்டையிலும் கோப்பையிலும் அச்சிட்டு விற்றுக்கொண்டிருந்த பெரிய கடைகள் விற்பனையை நிறுத்தின. அது சரியான முடிவு என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் அடுத்த சில நாள்களில் ஆப்பிள் நிறுவனம், அதே கொடி தெரிகிறது என்பதற்காக உள்நாட்டுப் போர் பற்றிய விளையாட்டுகளையும் தன் கடையிலிருந்து எடுத்தது. கெட்டிஸ்பர்க் பற்றிய ஒரு விளையாட்டை உருவாக்கியவர்கள், வரலாற்றில் இருந்த கொடியை மாற்ற மாட்டோம் என்றார்கள். சில நாள்களிலேயே கொடி மாறாமல் அந்த விளையாட்டு மீண்டும் கடைக்கு வந்தது. இத்தனை ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நிறுவனம் செய்து திருத்திக்கொண்ட பிழையைத் தாங்கள் புதிதாகத் தொடங்கியிருக்கிறீர்கள் என்பதே என் வருத்தம்.

என் பேரன் விளையாடியதை ஒருமுறை பக்கத்தில் அமர்ந்து பார்த்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. திரையில் வடக்கின் நீலச் சட்டைப் படையும் தெற்கின் சாம்பல் சட்டைப் படையும் எறும்புச் சாரைபோல நகரும். எந்த அணி எங்கே நிற்கிறது என்பதை அதன் கொடியைப் பார்த்துத்தான் கண்டுகொள்ள முடியும். லிட்டில் ரவுண்ட் டாப் என்ற குன்றை அவன் நான்கு முறை கோட்டை விட்டு, ஐந்தாவது முறை பிடித்து நிறுத்தினான். அன்று இரவு அவன் கேட்ட கேள்வி, ‘பாட்டி, இவங்க எதுக்காக இவ்வளவு பேர் செத்தாங்க?’ என்பது. அந்த மூன்று நாளில் இரு தரப்பிலுமாக ஏறத்தாழ 50,000 பேர் மாண்டும் காயமுற்றும் காணாமலும் போனதையும், எதிரே நின்றவர்கள் எதைக் காப்பாற்றப் போரிட்டார்கள் என்பதையும் அப்போதுதான் அவனுக்குச் சொன்னேன். கொடியை மறைத்துவிட்டால் அந்த எதிரி யார் என்பதும் சேர்ந்து மறைந்துவிடுகிறது.

ஜெர்மனி இதை நீண்ட காலம் அனுபவித்தது. நாஜிச் சின்னங்களைத் திரைப்படத்தில் காட்டலாம், விளையாட்டில் காட்ட முடியாது என்ற நிலை அங்கே இருந்ததால், 2017இல் வெளியான வுல்ஃபென்ஸ்டைன் வரிசை விளையாட்டின் ஜெர்மன் பதிப்பில் ஹிட்லரின் மீசையையே மழித்துவிட்டார்கள். 2018 ஆகஸ்டில்தான், யு.எஸ்.கே. என்னும் அந்நாட்டுத் தரமதிப்பீட்டு அமைப்பு, சின்னம் எந்தச் சூழலில் வருகிறது என்று ஒவ்வொரு விளையாட்டாகப் பார்த்து முடிவு செய்யத் தொடங்கியது. தங்களிடம் நான் எதிர்பார்ப்பதும் அவ்வளவே.

யார் ஆட்சேபித்தார்கள் என்பதையும் தாங்கள் சொல்லவில்லை. 2020 டிசம்பரில், இணையத்தில் கணினி விளையாட்டுகளை விற்கும் ஜி.ஓ.ஜி. நிறுவனம், சீன அதிபரைக் கேலி செய்ததாகச் சர்ச்சையில் சிக்கிய ‘டிவோஷன்’ என்ற தைவான் விளையாட்டை விற்கப்போவதாக அறிவித்து, சில மணி நேரத்தில் பின்வாங்கியபோது, விளையாட்டாளர்கள் பலர் செய்தி அனுப்பியதே காரணம் என்றது. அத்தகைய முகமற்ற ‘பலர்’ என் விஷயத்திலும் இருந்தார்களா, அல்லது யாரும் கேட்காமலே தாங்களாக அஞ்சினீர்களா என்று அறிய விரும்புகிறேன்.

எதை விற்பது என்று முடிவு செய்யும் உரிமை தங்களுக்கு உண்டு. அதை நான் மறுக்கவில்லை. விற்றுப் பணம் பெற்றபின் எடுத்துக்கொள்வதைத்தான் மறுக்கிறேன். நான் அழுத்திய பொத்தானில் ‘வாங்கு’ என்றுதான் இருந்தது. வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்றால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 2025 முதல் சட்டமே நடைமுறையில் உள்ளது. நான் இருப்பது கோவையில்தான் என்பது எனக்குத் தெரியும். இங்கும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் டிஜிட்டல் பொருள்களை மின்வணிகத்தில் சேர்த்தே பேசுகிறது.

ஆகவே, எந்த விதியின் எந்தப் பிரிவின்படி, எந்தக் காட்சிக்காக இந்த விளையாட்டு நீக்கப்பட்டது என்பதை எழுத்து மூலம் தெரிவித்து, ஏற்கெனவே வாங்கியவர்கள் மீண்டும் பதிவிறக்க வழி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். அது இயலாது என்றால் 499 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும்; தங்கள் கடையில் மட்டுமே செலவிடக்கூடிய கூப்பனாக அது வேண்டாம். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி இப்புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காணத் தாங்கள் கடமைப்பட்டுள்ளீர்கள். தவறினால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், தேவைப்பட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பணம் செலுத்திய ரசீது, நிறம் வெளுத்த படத்தின் திரைப்பிடிப்பு, உதவிப் பிரிவின் பதில் ஒன்று (மற்ற இரண்டும் இதேதான்).