முல்லைத்தீவு பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அக்காவுக்கு

அக்கா, உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. போன செவ்வாய்க்கிழமை வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்குப் போன பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தீர்கள். ஒட்டுசுட்டானில் அவசரமாக இறங்கியபோது ஒரு பழைய சஞ்சிகையை அங்கேயே விட்டுவிட்டேன்.

வாசகர்கள் தங்கள் பழைய நாட்களை எழுதி அனுப்ப, அதையே தொகுத்துப் போடுகிற சஞ்சிகை அது. அந்த இதழில் எங்கள் ஐயா எழுதியதும் இருக்கிறது. 1990இல் போரால் யாழ்தேவி றெயில் நின்று, பொருளாதாரத் தடையும் வந்த பிறகு, பற்றரி கிடைக்காமல் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட கதை. சுற்றியது நான்தான். கை நோகுது என்றால், "செய்தி முடியட்டும் பிள்ளை" என்பார். ஐயா இப்போது இல்லை. வீட்டில் இருந்த ஒரே பிரதியும் அதுதான். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் சந்திக் கடைக்காரர் கூப்பிட்டு ஒரு பொதியைத் தந்தார். ஐயாவின் பெயருக்குக் கீழே இருந்த ஊரைப் பார்த்து, திரும்ப பஸ் ஏறி வந்து, விசாரித்துக் கொடுத்துவிட்டுப் போனீர்களாம். மழையில் நனையாமல் பொலித்தீன் சுற்றியிருந்தீர்கள். அது மட்டுமா? கழன்றிருந்த அட்டையை ஊசி நூலால் தைத்து, பள்ளிக்கூடக் கொப்பிக்குப் போடுவதுபோல பிறவுண் பேப்பர் உறையும் போட்டிருந்தீர்கள். யாரும் கேட்காமலே! அந்தத் தையலைத் தடவிப் பார்த்து அழுதுவிட்டேன்.

உள்ளே ஒரு துண்டு: "எங்கள் வீட்டிலும் இப்படித்தான் கேட்டோம்."

அக்கா, உங்கள் வீட்டில் யார் சுற்றினார்கள்? இதைப் பார்த்தால் அந்தக் கடையில் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு வந்து ஒரு தேத்தண்ணி குடிக்க வேணும்.