அண்ணனின் சிகிச்சைக்குத் துணைநின்ற எல்லோருக்கும் நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

விடாமல் விசாரித்துக்கொண்டிருந்த உங்களுக்கு முதலில் நல்ல செய்தி: அண்ணனின் மூளைக்கட்டி போன ஸ்கேனில் பாதிக்கு மேல் சுருங்கியிருக்கிறது. குணமாகிவிட்டது என்று டாக்டர் சொல்லவில்லை, நாங்களும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் அண்ணன் மறுபடி வலது கையால் கையெழுத்துப் போடுகிறார்.

அறுவைச் சிகிச்சை செய்த டாக்டருக்கு நன்றி. பேச்சுக்கான பகுதியை ஒட்டியிருந்ததைத் தொடாமல் விட்டதற்கும் சேர்த்து.

எடுத்த கட்டியைப் பரிசோதித்த நோய்க்குறியியல் மருத்துவருக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. நோயாளியின் வீட்டார் அவரைப் பார்ப்பதே அபூர்வம். கிளையோபிளாஸ்டோமா, அதாவது தீவிரமான மூளைப் புற்றுநோய், என்று எழுதிக் கொடுத்ததோடு அவர் முடித்திருக்கலாம். செல்களைப் பார்த்ததும் ஏதோ பொறிதட்டியிருக்கிறது. பிராஃப் மரபணுவையும் சோதிக்கவும் என்று அறிக்கையில் ஒரு வரி சேர்த்தார். வி600இ என்ற மாற்றம் இருந்தது. பெரியவர்களுக்கு வரும் கிளையோபிளாஸ்டோமாவில் நூற்றில் சிலருக்குத்தான் அது இருக்குமாம். கதிர்வீச்சும் டெமோசோலமைடு என்ற கீமோ மருந்தும் முடிந்து கட்டி திரும்ப வளர்ந்தபோது எங்களுக்குக் கைகொடுத்தது அந்த ஒரு வரிதான்.

புற்றுநோய் டாக்டர் ஒரு சீட்டின் பின்பக்கம் படம் போட்டு விளக்கினார். பழுதான பிராஃப், "வளர், வளர்" என்று செல்லுக்கு ஓயாமல் உத்தரவு போடுகிறது. டாப்ராஃபெனிப் என்ற மருந்து அதை அடக்கும். அப்புறமும் செல் சும்மா இருக்காது, வேறு வழியில் அதே உத்தரவை அடுத்த படியான மெக் புரதத்துக்குக் கடத்தப் பார்க்கும். அங்கே டிராமெட்டினிப் என்ற இன்னொரு மருந்து மறிக்கும். அதனால்தான் இரண்டு மருந்தும் சேர்ந்து. அம்மாவுக்கே புரிந்தது! அந்தச் சீட்டை அவர் பத்திரமாக வைத்திருக்கிறார்.

இந்த ஜோடி மருந்தில் காய்ச்சல் அடிக்கடி வரும். முதல் தடவை வந்தது நடுராத்திரியில். போனை எடுத்த நர்ஸ் அக்கா பதறாமல், இரண்டு மருந்தையும் நிறுத்தச் சொல்லி, காய்ச்சல் இறங்கும்வரை திரும்பத் திரும்பக் கூப்பிட்டு விசாரித்தார். டாப்ராஃபெனிப்பை 12 மணி நேர இடைவெளியில் வெறும் வயிற்றில், டிராமெட்டினிப்பைக் குளிர்பெட்டியில் என்று பெரிய எழுத்தில் எழுதித் தந்த மருந்தாளுநருக்கும் நன்றி.

பணம் கொடுத்தவர்கள், அண்ணனோடு உட்கார்ந்து பேசியவர்கள், இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கப் போகும்போதெல்லாம் கூட வந்தவர்கள்: உங்களுக்கு நேரிலேயே சொல்கிறேன்.

எங்களுக்கு முகம் தெரியாதவர்களும் உண்டு. ரோர் என்ற ஆய்வில் இதே மருந்துகளைச் சாப்பிட்டவர்கள். அண்ணனுக்கு இருப்பதுபோல் தீவிர வகைக் கிளையோமா என்ற மூளைக்கட்டி இருந்த 45 பேரில் 15 பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. பலன் கிடைக்காத மற்றவர்களும் சேர்ந்துதான் அண்ணனுக்கு இந்த வழியைத் திறந்தார்கள். அவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அடுத்த எம்.ஆர்.ஐ. முடிந்ததும் எழுதுகிறேன். அண்ணனோடு பேச வேண்டுமென்றால் காலையில் கூப்பிடுங்கள், சாயங்காலம் சீக்கிரம் களைத்துவிடுகிறார்.

அன்புடன்,
தங்கை