நடுக்கள ஆட்டக்காரரை மட்டும் குறை சொல்ல வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகளுக்கு இடையிலான கால்பந்துப் போட்டிகளின் முடிவுகளைத் தங்கள் விளையாட்டுப் பக்கம் இடம் ஒதுக்கி வெளியிடுவதற்கு எங்கள் பகுதி ரசிகர்களின் நன்றி. அந்த ஆட்டங்களைப் பற்றி மைதானத்தின் ஓரத்திலும் டீக்கடையிலும் நடக்கும் பேச்சில் ஒரு பெரிய தவறு திரும்பத் திரும்ப நேர்கிறது. அதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

அணி தோற்றால் மாட்டுவது எப்போதும் ஒரே ஆள்தான். பேக்குகளுக்கு (பின்கள ஆட்டக்காரர்களுக்கு) முன்னால் நின்று பந்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்க வேண்டிய நடுக்கள ஆட்டக்காரர். “பந்தை விட்டுட்டான்”, “தலையைத் தூக்கிப் பார்க்கவே மாட்டேங்குறான்” என்று திட்டு விழுகிறது. அடுத்த ஆட்டத்தில் அவரை உட்கார வைத்துவிட்டு வேறொருவரை இறக்குகிறார்கள். புதியவரும் அதே இடத்தில் அதே மாதிரி பந்தைப் பறிகொடுக்கிறார். ஆள் மாறியும் தவறு மாறவில்லை என்றால், அவருக்குப் பந்து வந்து சேரும் வழியைத்தான் பார்க்க வேண்டும். நான்கு பேக்குகளும் கீப்பரும் எங்கே நிற்கிறார்கள், என்ன வேகத்தில் தட்டுகிறார்கள், எந்தக் காலுக்குக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் ஆட்டம் கெடுகிறது.

கோல்கிக்கை, அதாவது எதிரணி தொட்ட பந்து நம் கோல் கோட்டைத் தாண்டி வெளியே போனால் நாம் உதைத்துத் தொடங்குவதை, எடுத்துக்கொள்ளுங்கள். பந்து கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பெட்டியைத் தாண்டினால்தான் ஆட்டத்தில் சேரும் என்ற பழைய விதி 2019இல் போய்விட்டது. உதைத்துப் பந்து நகர்ந்தாலே இப்போது ஆட்டம் தொடங்கிவிடும். அதுவரை எதிரணியினர் பெட்டிக்கு வெளியே நின்றாக வேண்டும். 16.5 மீட்டர் ஆழமும் 40.32 மீட்டர் அகலமும் கொண்ட இடம், யாரும் நெருங்க முடியாதபடி நமக்குக் கிடைக்கிறது. பெரும்பாலான கல்லூரி அணிகள் அதைப் பயன்படுத்துவதே இல்லை. நடுவில் ஆடும் இரண்டு சென்டர் பேக்குகளும் பத்து மீட்டர் இடைவெளியில், பெட்டியின் விளிம்பில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். அவர்கள் இருவரையும் காவல் காக்க எதிரணிக்கு ஒரே ஒரு ஃபார்வர்டு (முன்கள ஆட்டக்காரர்) போதும். மிச்சமாகும் ஆள் எங்கே போவார்? நம் நடுக்கள ஆட்டக்காரரின் முதுகுக்குத்தான்.

இதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. சென்டர் பேக்குகள் 25 மீட்டர் விலகி நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மற்றவருக்குத் தரையோடு விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் தட்டினால் பந்து போய்ச் சேர இரண்டரை விநாடி. பந்தைத் தட்டியவரின் அருகே இருந்த ஃபார்வர்டு விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் துரத்தினாலும் 15 மீட்டர்தான் ஓடியிருப்பார். பந்தை வாங்குபவருக்கு 10 மீட்டர் வெறும் இடம் மிச்சம். அதே பந்தை விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் உருட்டிவிட்டால், துரத்துபவரும் பந்தும் ஒன்றாகவே வந்து நிற்பார்கள். விலகி நின்றால் மட்டும் போதாது, பாஸில் வேகமும் வேண்டும். மெதுவாகத் தட்டிய பாஸ் பார்க்க அழகாக இருக்கும். அதன் விலையைக் கொடுப்பவர் பந்தை வாங்குபவர்.

அடுத்தது எந்தக் கால் என்பது. நடுக்கள ஆட்டக்காரர் பக்கவாட்டில் திரும்பி, ஒரு தோள் நம் கோலையும் மறு தோள் எதிர் கோலையும் பார்க்கும்படி நிற்க வேண்டும். பந்து அவருடைய தூரத்துக் காலுக்கு, அதாவது எதிர் கோல் பக்கமுள்ள காலுக்கு வர வேண்டும். அப்படி வந்தால் முதல் டச்சிலேயே அவர் முன்னால் திரும்பிவிடுவார். கிட்டத்துக் காலுக்குக் கொடுத்தால் நம் கோலைப் பார்த்தபடி நிறுத்தி, திரும்பி, பிறகு நிமிர்ந்து பார்க்க வேண்டும். மூன்று டச் ஆகிவிடும். அதற்குள் எதிரணி ஆள் மேலே விழுந்துவிடுவார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நடுக்கள ஆட்டக்காரர் சொதப்பியதாகத்தான் தெரியும். உண்மையில் பேக் அவரை மாட்டிவிட்டார்.

நடுக்கள ஆட்டக்காரரிடம் குறையே இல்லை என்று சொல்லவில்லை. தோளுக்குப் பின்னால் பார்க்கும் பழக்கம் நம் பையன்களிடம் குறைவு. பந்து கீப்பரிடமிருந்து பேக்குக்குப் போகும்போது ஒரு முறை, பேக் தலையைத் தூக்கும்போது மறு முறை, குறைந்தது இரண்டு தடவை பின்னால் பார்த்தாக வேண்டும். பந்து காலுக்கு வந்த பிறகு பார்ப்பதில் பயனில்லை. ஆனால் பந்தைக் கொடுப்பவர் குரலும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். “ஆள் இருக்கு”, “திரும்பு”, “டைம் இருக்கு” என்ற மூன்று சொற்களில் ஒன்று பாஸுடனேயே போக வேண்டும். எங்கள் பகுதி மைதானங்களில் சத்தத்துக்குக் குறைவில்லை. தேவையான நேரத்தில் தேவையான சொல்தான் வருவதில்லை.

இதற்கு மூல காரணம் நம் மைதானங்களில் இருக்கிறது. வியாசர்பாடி, பெரம்பூர், புளியந்தோப்பு, தண்டையார்பேட்டை, ராயபுரம் என்று எங்கே பார்த்தாலும் பிள்ளைகள் வளர்வது சின்ன இடத்தில், ஐந்து பேர், ஏழு பேர் ஆட்டத்தில். அதனால்தான் அவர்களுடைய காலில் பந்து ஒட்டிக்கொள்கிறது. வியாசர்பாடியிலிருந்து புறப்பட்டு, 2017-18 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்ற சென்னையின் எஃப்சி அணியின் நடுக்களத்தில் ஆடிய தனபால் கணேஷ் போன்றவர்களை இந்த மண் தந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் சின்ன இடத்தில் பேக் என்ற வேலையே வேறு. ஐந்து மீட்டர் பாஸ், உடனே அடுத்த ஆள். 105க்கு 68 மீட்டர் மைதானத்தில் 25 மீட்டர் விலகி நிற்பதும், 30 மீட்டருக்குத் தரையோடு அழுத்தமாகத் தட்டுவதும் கல்லூரிக்கு வந்த பிறகுதான் கற்க வேண்டியவை. கற்றுத் தர அங்கே நேரம் ஒதுக்குவதில்லை.

பேக்குகளைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் சொல்ல வேண்டும். ஏழு பேர் போட்டியில் கோல் அடிப்பவர்தான் கண்ணில் படுகிறார், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இடமும் பெறுகிறார். அப்படி வந்தவர்களில் கோல் அடிக்க முடியாதவர், உயரமாக இருப்பவர், ஃபார்வர்டில் இடம் இல்லாதவர் பின்னால் அனுப்பப்படுகிறார். அவரிடம் சொல்லப்படும் ஒரே பாடம் “வந்தா கிளியர் பண்ணு”. இது பெரும் வீண். முன்னாள் ஃபார்வர்டிடம் இயல்பாகவே இருக்கும் திறமை, பந்தைக் காலிலேயே கொண்டு போவது. சென்டர் பேக்குக்கு முன்னால் இடம் இருந்தால் அவர் பந்தோடு பத்துப் பதினைந்து மீட்டர் ஏற வேண்டும், எதிரணியில் யாராவது ஒருவர் தன்னை நோக்கி வரும் வரை. அந்த எதிரணிக்காரர் வந்த நொடியில் அவர் விட்டு வந்த நம் ஆள் தனியாக நிற்பார். பந்து அவருக்கே. நடுக்கள ஆட்டக்காரரின் பாரம் இதனால் பாதியாகக் குறையும்.

நீளமாக அடிப்பது பாவம் என்று இப்போது சிலர் பேசுகிறார்கள். அதில் எங்களுக்கு உடன்பாடில்லை. எதிரணி ஐந்து பேரை அனுப்பி நெருக்கினால் அவர்களுக்குப் பின்னால் இடம் காலியாக இருக்கும், அங்கே அடிக்கத்தான் வேண்டும். ஆனால் கடைசி பேக்குக்கும் முன்கள ஆட்டக்காரருக்கும் நடுவே 50 மீட்டர் இடைவெளி இருக்கும்போது அடித்தால், தலையில் பட்டு விழும் பந்தை எடுக்க நம் ஆள் ஒருவரும் இருக்கமாட்டார். பந்து காற்றில் இருக்கும்போதே நான்கு பேக்குகளும் சேர்ந்து ஏற வேண்டும். கடைசி ஆளிலிருந்து முதல் ஆள் வரை 35 மீட்டருக்குள் அணி அடங்க வேண்டும். ஓரத்தில் ஆடும் ஒரு விங் பேக் மட்டும் சோம்பிப் பின்னால் நின்றுவிட்டால் எதிரணியின் எல்லா ஃபார்வர்டுகளுக்கும் ஆஃப்சைடு (நம் பேக்குகளைத் தாண்டி நின்று பந்து வாங்குவதற்கான தடை) இல்லாமல் போகும். கல்லூரி ஆட்டங்களில் விழும் கோல்களில் இந்த வகை ஏராளம்.

பந்து நம்மிடம் இருக்கும்போது விரிவதும், இழந்தவுடன் சுருங்குவதும் பேக்குகளின் தொழில். எதிரணியிடம் பந்து இருக்கையில் பேக்குகளுக்கு நடுவே 8 முதல் 10 மீட்டர்தான் இருக்க வேண்டும். இதைப் பழக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம், கயிறு போதும். நான்கு பேரின் இடுப்பிலும் பத்து பத்து மீட்டர் கயிற்றைக் கட்டி, பயிற்சியாளர் பந்தை வலமும் இடமும் நகர்த்த, கயிறு இறுகாமலும் தரையில் புரளாமலும் அவர்கள் நடந்தே நகர வேண்டும். ஓடக் கூடாது, இடறி விழுவார்கள். பத்து நிமிடம் போதும். பிறகு கயிற்றை அவிழ்த்துவிட்டு அதே பயிற்சி.

கீப்பரைத் தனியாக மூலையில் நிறுத்திப் பந்தைப் பிடிக்க மட்டும் பழக்குவதும் நிற்க வேண்டும். சக ஆட்டக்காரர் வேண்டுமென்றே காலால் கொடுக்கும் பந்தைக் கீப்பர் கையால் தொடக் கூடாது என்ற விதி 1992இலேயே வந்துவிட்டது. 2025 முதல் பந்தைக் கையில் எட்டு விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் (மூலை உதை). நடுவர் கடைசி ஐந்து விநாடிகளைக் கையைத் தூக்கி விரலால் எண்ணிக் காட்டுவார். பந்து கைக்கு வரும் முன்பே யாருக்குக் கொடுப்பது என்று கீப்பர் முடிவு செய்திருக்க வேண்டும். அதற்கு அவர் பேக்குகளோடு சேர்ந்து பழகியாக வேண்டும்.

எங்கள் முக்கியப் பரிந்துரை ஒரு பயிற்சி. வாரத்தில் இரண்டு நாள், இருபது நிமிடம். மைதானத்தின் பாதி, முழு அகலத்துக்கு. கீப்பர், நான்கு பேக்குகள், ஒரு நடுக்கள ஆட்டக்காரர் ஒரு பக்கம். முதல் வாரம் அவர்களை மூன்று பேர் நெருக்கட்டும், இரண்டாம் வாரம் நான்கு, மூன்றாம் வாரம் ஐந்து. நடுக்கோட்டில் மூன்று மீட்டர் அகலத்தில் இரண்டு சின்ன கேட், கூம்பு இல்லாவிட்டால் செருப்பை வைத்தாலும் சரி. ஒவ்வொரு முறையும் கோல்கிக்கில் தொடங்க வேண்டும். கேட்டின் வழியாகப் பந்து போனால் பேக்குகளுக்கு ஒரு புள்ளி. பறித்தவர்கள் எட்டு விநாடிக்குள் கோல் அடித்தால் அவர்களுக்கு இரண்டு. விங் பேக்குகள் பக்கக் கோட்டை ஒட்டி, சென்டர் பேக்குகளைவிடக் குறைந்தது பத்து மீட்டர் முன்னால் நிற்க வேண்டும். நடுக்கள ஆட்டக்காரர் பேக்குகளின் வரிசைக்குள் இறங்கி நிற்கக் கூடாது, நெருக்க வருபவர்களின் முதுகுக்குப் பின்னால், இருவருக்கு நடுவே தெரியும் சந்தில் நிற்க வேண்டும். இரண்டு டச் மட்டும் என்ற கட்டுப்பாட்டை முதலிலேயே போடாதீர்கள். போட்டால் பயத்தில் எல்லோரும் கிளியர் செய்யத் தொடங்குவார்கள். அது நான்காம் வாரத்துக்கு.

முழு மைதானம் கிடைக்காத கல்லூரிகள் பெனால்டி பெட்டியையாவது சரியான அளவில் சுண்ணாம்பால் போடலாம். பந்தின் காற்றையும் கவனியுங்கள். விதி 0.6 முதல் 1.1 வளிமண்டல அழுத்தம் வரை, அதாவது ஏறக்குறைய 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐ வரை அனுமதிக்கிறது. நம் இறுகிய மண்ணில் கல்லுபோலக் காற்றடித்த பந்து ஒவ்வொரு மேட்டிலும் துள்ளும். பயிற்சியில் 9 பிஎஸ்ஐ அளவில் வையுங்கள். அதே மண்ணில் நீண்ட ஸ்டட் (அடிக்குமிழ்) பூட் போட்டுத் திரும்பும் பேக் வழுக்குவார். குட்டை ரப்பர் ஸ்டட்தான் சரி.

நான்கு பேக்குகளும் ஒன்றாக ஆடினால்தான் பழக்கம் வரும் என்பதைக் கல்லூரி நிர்வாகங்களும் உணர வேண்டும். இன்டர்னல் தேர்வுக்கு ஒருவர், லேப்புக்கு ஒருவர் என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் பேக்குகள் மாறுகிறார்கள். ஃபார்வர்டு மாறினால் சமாளிக்கலாம். பேக் வரிசையில் ஒருவர் மாறினாலே மற்ற மூவரின் கணக்கும் மாறிவிடும். போட்டி அட்டவணை வந்தவுடன் உடற்கல்வி இயக்குநர் துறைத் தலைவர்களிடம் பேசி, நான்கு பேக்குகளுக்கும் கீப்பருக்குமாவது மறுதேர்வு நாளை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆட்டச் செய்தியில் கோல் அடித்தவர் பெயரோடு, அந்தக் கோலுக்கு முன் பந்து எங்கே பறிபோனது, அதற்கு முந்தைய பாஸ் யாருடையது என்று ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அணிகளும் மாடியிலிருந்தோ படிக்கட்டிலிருந்தோ செல்போனில் ஆட்டத்தைப் படம் பிடித்து, நம் பாதியில் இழந்த ஒவ்வொரு பந்துக்கும் நோட்டில் நான்கு விஷயம் குறிக்கலாம்: இழந்த இடம், கடைசிப் பாஸ் கொடுத்தவர், அது எந்தக் காலுக்கு வந்தது, அந்த நேரத்தில் பாஸ் வாங்கத் தயாராக நின்றவர்கள் எத்தனை பேர். நடுக்கள ஆட்டக்காரரை மாற்றும் முடிவை அந்த நோட்டைப் படித்த பிறகு எடுக்கட்டும்.

இப்படிக்கு,
வடசென்னை கால்பந்துப் பயிற்சியாளர்கள் சிலர்,
வியாசர்பாடி, சென்னை - 39.