தருக்கவியல் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். உய்த்தறிதலின் (ஒப்புக்கொண்ட கூற்றுகளிலிருந்து தப்பாமல் பெறப்படுவதை அறிவதன்) முடிவு எடுகூற்றுகளிலேயே, அதாவது அந்தத் தொடக்கக் கூற்றுகளிலேயே, அடங்கியிருப்பதால் அது புதிய அறிவைத் தருவதில்லை என்றும், புதிய அறிவு தொகுத்தறிதலால் (பல நிகழ்வுகளைக் கண்டு பொதுவிதியை எட்டுவதால்) மட்டுமே கிடைக்கும் என்றும் பாடநூல்களில் ஐயத்திற்கு இடமின்றி எழுதப்படுகிறது. மாணவர்கள் அதை மனனம் செய்கிறார்கள். தெரிந்ததைத் திருப்பிச் சொல்லும் வித்தைதான் தருக்கம் என்ற எண்ணம் அவர்களிடம் தங்கிவிடுகிறது. இந்த வரியைத் திருத்த வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன்.

ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் எழுப்பிய தடை வலுவானது என்பதை மறுக்கவில்லை. மனிதர் எல்லோரும் இறப்பர் என்று ஒப்புக்கொள்பவர் சாக்ரடீஸ் இறப்பார் என்பதையும் அப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறார். ஆனால் இரண்டு எடுகூற்றுகளில் முடிந்துவிடும் இத்தகைய ஒரு நியாயத்தொடையைக் கொண்டு உய்த்தறிதல் முழுவதையும் அளப்பது முறையாகுமா?

பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் காட்டிய வழியைப் பாருங்கள். 2, 3, 5, 7, 11, 13 ஆகிய பகா எண்களைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 30031 வருகிறது. அந்த ஆறில் எதனால் வகுத்தாலும் மீதி 1 என்பதால், அதன் பகாக் காரணிகள் பட்டியலுக்கு வெளியேதான் இருந்தாக வேண்டும். அவை 59, 509. எந்தப் பட்டியலை எடுத்தாலும் இதுவே நிகழும். ஆகவே பகா எண்களுக்கு முடிவில்லை. எத்தனை கோடி எண்களைச் சோதித்துத் தொகுத்தாலும் இந்த உறுதி கிட்டாது. பகா எண்ணின் வரையறையை அறிந்தவர் எல்லோருக்கும் இது முன்பே தெரிந்திருந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எடுகூற்றிலிருந்து முடிவு தப்பாமல் பெறப்படுவது கூற்றுகளுக்கு இடையிலான உறவு; முடிவை அறிந்திருப்பதோ அறிபவரின் நிலை. 'அடங்கியிருத்தல்' என்ற ஒரே சொல் இவ்விரண்டையும் குழப்பிவிடுகிறது. வீட்டில் உத்திரங்கள் இருப்பதுபோல் அல்லாமல், விதையில் செடி இருப்பதுபோல் முடிவு அடங்கியிருக்கிறது என்று ஜெர்மானியத் தருக்க அறிஞர் ஃப்ரேகே 1884இலேயே விளக்கியிருக்கிறார்.

உய்த்தறிதல் தனித்து நின்று எல்லாம் தரும் என்பதும் என் கருத்தல்ல. யுரேனசின் பாதை கணக்கிலிருந்து விலகியதைக் கொண்டு, அப்பால் ஒரு கோள் இருக்க வேண்டும் என்று பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே கணித்தார். 1846 செப்டம்பர் 23 அன்று பெர்லினில் வானியலாளர் காலே, கணித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூனைக் கண்டார். புதனின் பாதை விலகலுக்கும் லெவெரியே அதே முறையில் ஒரு கோளைக் கருதினார். அது கிடைக்கவே இல்லை. 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல்தான் புதனின் அந்த விலகலை விளக்கியது. இம்முறை மாற வேண்டியிருந்தது ஈர்ப்பு விதியே. கோளைத் தேடுவதா, விதியை ஐயுறுவதா என்பதை உய்த்தறிதலும் சொல்லவில்லை, தொகுத்தறிதலும் சொல்லவில்லை. இத்தகைய விளக்க ஊகத்தை அமெரிக்கத் தத்துவ அறிஞர் பர்ஸ் மூன்றாவது அனுமான வகையாக வைத்த காரணத்தை மாணவருக்குச் சொல்லாமல் விடுவது பெருங்குறை.

நம் மரபு இவ்விவாதத்தை நன்கு அறியும். மணிமேகலையில் அளவைவாதி பத்து அளவைகளை, அதாவது அறிவு பெறும் வழிகளை, எண்ணுகிறான். பௌத்தமோ காட்சி, கருதல் (அனுமானம்) என இரண்டோடு நிற்கிறது. காட்சியை மட்டுமே ஏற்கும் பூதவாதியிடம், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி எவ்வாறு அறிவாய் என்று மணிமேகலை கேட்கிறாள். அந்தக் கேள்விக்கு இன்றைய பாடநூலில் இடமே இல்லை.

அடுத்த பதிப்பில் அந்த வரியை நீக்கி, மில்லின் தடையையும் ஃப்ரேகேயின் விளக்கத்தையும் அருகருகே வையுங்கள். பயிற்சிப் பகுதியில் யூக்ளிடின் நிறுவலை மாணவரே அடியடியாகச் செய்து பார்க்கும்படி கொடுத்து, எந்த அடியில் தமக்குப் புதியது தெரிந்தது என்று எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தருக்கம் பயிற்றும் ஓர் ஆசிரியர்