அண்டார்க்டிகாவுக்குக் கப்பலேறும் பருவநிலைப் பயணிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பயணிகளுக்கு,

வணக்கம். பருவநிலை மாற்றம் பற்றி விழிப்புணர்வு ஏற்படுத்த அண்டார்க்டிகா போகிறோம் என்று அறிவித்து, நிதி திரட்டி, அலுவலகத்தில் விடுப்பு சொல்லிவிட்டு, இப்போது மூட்டை கட்டிக்கொண்டிருக்கும் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். புவெனஸ் ஐரிஸில் விமானம் மாறி, அர்ஜென்டினாவின் தென்கோடியில் உள்ள உசுவாயாவில் இறங்குவீர்கள். அங்கே கப்பலேறி, பீகிள் கால்வாயைத் தாண்டினால் டிரேக் கடல். இரண்டு நாள் ஆட்டம். அதற்கப்புறம் பனி.

நான் ஒரு கடலோரப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். உங்கள் பயணத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதனால்தான் கப்பல் கிளம்புவதற்குள் இந்த மடல் உங்களுக்குக் கிடைத்துவிட வேண்டும் என்று அவசரப்படுகிறேன். கேட்பது ஒன்றுதான்: திரும்பி வந்து யாரிடம், எதை, எத்தனை காலம் பேசப்போகிறீர்கள் என்பதைப் புறப்படும் முன்பே எழுதி முடித்துவிடுங்கள். தெர்மல் உள்ளாடையும் மூன்று ஜோடி கையுறையும் வாங்குவதைப் போலவே இதுவும் கடைசி வார வேலைதான். வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நடக்காது. வந்ததும் வேலை, வீடு, பாக்கி மின்னஞ்சல் என்று ஆறு மாதம் ஓடிவிடும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பயணத்தின் கணக்கு அப்படி. அண்டார்க்டிகா சுற்றுலாவின் கரியமில வாயுவைக் கணக்கிட்ட ஓர் ஆய்வில் ஒரு பயணிக்குச் சராசரியாக 5 டன்னுக்கு மேல் வந்தது. சராசரி இந்தியர் ஒருவருக்கு ஓர் ஆண்டுக்கு வருவது ஏறத்தாழ 2 டன். உங்கள் சில வாரப் பயணம் இங்கே ஒருவருடைய இரண்டு ஆண்டுக் கணக்கையும் தாண்டிவிடுகிறது. இதோடு கரித்துகளும் இருக்கிறது. கப்பல், விமானம், ஜெனரேட்டர் புகையில் வரும் கரி பனிமேல் படிந்து, அதைக் கறுக்க வைத்து, வெயிலைக் கூடுதலாக இழுக்க வைக்கிறது. சிலி நாட்டு சாந்தியாகோ பல்கலைக்கழகத்தின் ராவுல் கோர்தேரோ குழு 2022-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2016 முதல் 2020 வரையான காலத்தில் ஒவ்வொரு சுற்றுலாப் பயணியின் வருகையும் சுமார் 83 டன் பனி முன்கூட்டியே உருகக் காரணமாகியிருக்கிறது.

உங்களைப் போகவிடாமல் தடுக்க இதைச் சொல்லவில்லை. இந்தக் கரியை ஈடுகட்ட மரக்கன்றுகளுக்குப் பணம் கட்டிவிட்டோம் என்று மட்டும் இந்தக் கணக்கை முடித்துவிடாதீர்கள். வந்தபின் ஏறும் முதல் மேடையில், இத்தனை டன் செலவழித்துப் போய்வந்தேன் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். கேட்பவர் மனதில் அந்தக் கேள்வி எப்படியும் இருக்கும். மறைக்காமல் சொன்னால் மிச்சப் பேச்சையும் நம்புவார்.

இனி மூட்டை விஷயம். கப்பலில் ஒருநாள் உங்கள் வெளித்துணிகளையெல்லாம் கொண்டுவரச் சொல்லி, வாக்குவம் கிளீனரையும் இடுக்கியையும் கையில் கொடுப்பார்கள். ஜாக்கெட் பையின் உள்தையல், முதுகுப்பையின் வெல்க்ரோ பட்டை, பூட்ஸ் அடியில் உள்ள பள்ளங்கள், கேமரா ஸ்டாண்டின் கால் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து விதை, மண், நூல் எதுவும் இல்லாமல் எடுக்க வேண்டும். பெரும்பாலானோருக்கு இது சலிப்பான மதியம். எனக்கோ முழுப் பயணத்திலும் மிக முக்கியமான மதியம் அதுதான். 2007-08 கோடையில் அண்டார்க்டிகா போனவர்களின் துணியையும் பையையும் சோதித்த விஞ்ஞானிகள், விதை ஒட்டியிருந்தவர்களிடம் தலைக்குச் சராசரியாக 9.5 விதைகள் இருந்ததைக் கண்டார்கள். கிங் ஜார்ஜ் தீவில் போலந்து நாட்டு ஆய்வு நிலையத்தைச் சுற்றி வெளியிலிருந்து வந்த ஒரு சாதாரணப் புல் வேரூன்றிவிட்டது. அதைப் பிடுங்கி எடுக்க எத்தனையோ பேர் வேலை செய்திருக்கிறார்கள். நம்மூர் வயல் வரப்பில் நடந்தால் நாயுருவி எப்படி ஒட்டும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கப்பலில் செய்வார்கள் என்று விடாமல் வீட்டிலேயே ஒரு முறை, நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

பறவைக் காய்ச்சல் 2024 பிப்ரவரியில் அண்டார்க்டிகா தீபகற்பத்திலேயே உறுதியானது. கரை இறங்கினால் பனியில் உட்காராதீர்கள், மண்டியிடாதீர்கள், பையைக் கீழே வைக்காதீர்கள் என்று வழிகாட்டிகள் சொல்வது, கிருமி துணியிலும் பையிலும் ஒட்டிப் பரவாமல் இருக்கத்தான். மண்டியிட்டால் பென்குயின் படம் இன்னும் அழகாக வரும் என்று எனக்கும் தெரியும். வேண்டாம்.

அடுத்து பேச்சு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்களைப் போலப் போய்வந்த ஒருவர் எங்கள் பள்ளிக்கு வந்து பேசினார். நல்ல மனிதர், படங்களும் அருமை. பேச்சு முடிந்ததும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "சார், டம்ளர்ல மிதக்குற ஐஸ் உருகினா தண்ணி மட்டம் ஏறாதுன்னு எங்க சார் செஞ்சு காட்டினாங்க. அப்ப அங்க ஐஸ் உருகினா இங்க கடல் எப்படி ஏறும்?" என்று கேட்டாள். "வெரி குட் கொஸ்டின்" என்று பாராட்டிவிட்டு அவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். கடலில் ஏற்கெனவே மிதக்கும் பனி உருகினால் மட்டம் அநேகமாக ஏறாது. அவள் சொன்னது சரி. நிலத்தின் மேல் கிடக்கும் பனி கடலுக்குள் வந்தால்தான் ஏறும். அந்த நிலப்பனியைத் தாங்கிப் பிடித்திருப்பவை கரையோரம் மிதக்கும் பனித்தட்டுகள். மேட்டில் நிற்கும் வண்டியின் சக்கரத்துக்குக் கீழே வைத்த கல்லைப் போல. 2002-இன் தொடக்கத்தில் லார்சன் பி என்ற பனித்தட்டு, சுமார் 3,250 சதுர கிலோமீட்டர், சில வாரங்களில் சுக்குநூறானது. அது உடைந்ததால் நேரடியாகக் கடல் ஏறவில்லை. ஆனால் அதன் பின்னால் இருந்த பனியாறுகள் வேகம் பிடித்தன. சில இடங்களில் முன்பைவிடப் பல மடங்கு வேகமாகக் கடலை நோக்கி வந்தன. நீங்கள் போவது இதே தீபகற்பத்துக்குத்தான். வழிகாட்டியிடம் கேட்டால் எந்தத் திசையில் அது இருந்தது என்று காட்டுவார்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டு வாருங்கள், பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். அண்டார்க்டிகாவின் பனி அவ்வளவு கனமானது, தன் ஈர்ப்பாலேயே சுற்றியுள்ள கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் அந்தப் பிடி தளரும். பக்கத்தில் கடல் மட்டம் இறங்கும். தொலைவில் கூடுதலாக ஏறும். அதாவது அங்கே உருகுவதன் சுமையை அதிகம் தாங்கப்போவது நம்மைப் போன்ற தூரத்துக் கரைகள். உங்கள் பயணத்துக்கும் எங்கள் ஊருக்கும் இதைவிட நேரடியான தொடர்பு வேண்டுமா?

அதற்காக எல்லாவற்றையும் துருவத்தின் தலையில் கட்டிவிடவும் கூடாது. வடசென்னையில் கடலரிப்புக்குப் பெரும் காரணம் துறைமுகக் கட்டுமானம். வடக்கே போக வேண்டிய மணலை அது தடுத்ததால் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே கரை கரைந்தது. மீனவர்களுக்கு இது மனப்பாடம். அவர்கள் முன்னால் நின்று பனி உருகியதால்தான் உங்கள் வீடு போனது என்று சொன்னால் எழுந்து போய்விடுவார்கள்.

2041 என்ற ஆண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரு துருவங்களுக்கும் நடந்தே போன முதல் மனிதர் ராபர்ட் ஸ்வான், தன் அமைப்புக்கே அந்த எண்ணைப் பெயராக வைத்தார். அவர் காட்டிய வழியில் நிறையப் பேர் போய்வருகிறார்கள். ஆனால் 2041-இல் அண்டார்க்டிகா ஒப்பந்தம் காலாவதியாகிறது, அப்புறம் எல்லோரும் சுரங்கம் தோண்டுவார்கள் என்று மேடைகளில் சொல்வது தவறு. 1959-இல் கையெழுத்தான ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதியே கிடையாது. சுரங்கத்தைத் தடைசெய்யும் மாட்ரிட் நெறிமுறை 1991-இல் கையெழுத்தாகி 1998-இல் அமலுக்கு வந்தது. 2048-க்குப் பிறகு ஒப்பந்தத்தில் வாக்குரிமை உள்ள நாடு எதுவும் மறுஆய்வு கேட்கலாம், அவ்வளவுதான். பயமுறுத்தப் பொய் தேவையில்லை. உள்ளதே போதுமான அளவுக்குக் கவலை தருகிறது. 2022-இல் பெல்லிங்ஸ்ஹவுசன் கடல் பகுதியில் கடற்பனி முன்னதாகவே உடைந்ததில், ஐந்து எம்பரர் பென்குயின் கூட்டங்களில் நான்கில் குஞ்சுகள் நீர்புகா இறகு முளைக்கும் முன்பே பிழைக்க வழியில்லாமல் போயின. இதைச் சொல்லுங்கள்.

பயணத்தை வெறும் பார்வையோடு விட்டுவிடாதீர்கள். 1912-இல் தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் பிரிட்டிஷ் ஆய்வுப் பயணி ஸ்காட்டும் தோழர்களும் பசியிலும் குளிரிலும் இறந்தபோது, அவர்கள் இழுத்துவந்த சறுக்குவண்டியில் சுமார் 16 கிலோ பாறைகள் இருந்தன. உயிர் போகும் நிலையிலும் அவற்றை வீசி எறியவில்லை. அவற்றில் இருந்த குளோசோப்டெரிஸ் என்ற தாவரத்தின் இலைப்பதிவு நம் நாட்டு நிலக்கரிப் பாறைகளிலும் கிடைக்கிறது. ஒரு காலத்தில் இந்தியாவும் அண்டார்க்டிகாவும் ஒரே நிலமாக இருந்ததற்கு அது சாட்சி. இன்று நீங்கள் ஒரு கூழாங்கல்லைக்கூட எடுத்துவரக் கூடாது, அதுதான் சரியும்கூட. ஆனால் தகவல் கொண்டுவரலாம். கூனல் முதுகுத் திமிங்கிலத்தின் வால் அடிப்புறத்தைப் படமெடுத்து அனுப்பினால், அது எந்தத் திமிங்கிலம் என்று அடையாளம் காணும் திட்டம் இருக்கிறது. பல கப்பல்களில் பயணிகளே கடல்நீரை அள்ளி நுண்பாசிகளைச் சேகரித்து விஞ்ஞானிகளுக்குக் கொடுக்கிறார்கள். மேகங்களைப் பதிவு செய்து நாசாவுக்கு அனுப்பலாம். உங்கள் கப்பலில் இவற்றில் எது உண்டு என்று இந்த வாரமே கேட்டுப் பெயரைக் கொடுங்கள்.

ஏற்பாட்டாளர்களுக்கும் ஒன்று. 2023-24 பருவத்தில் மட்டும் 1,20,000-க்கு மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் அங்கே போனார்கள். 2024 மே மாதம் கொச்சியில் நடந்த அண்டார்க்டிகா ஒப்பந்த நாடுகளின் கூட்டத்தில் சுற்றுலாவை நெறிப்படுத்தும் பேச்சு தொடங்கியிருக்கிறது. உங்கள் வியாபாரத்தைப் பாதிக்கும் என்று நினைக்காமல் அதற்குத் துணை நில்லுங்கள். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது யார் அதிகம் நிதி திரட்டினார் என்பதோடு, போன முறை வந்தவர் திரும்பிப்போய் என்ன செய்தார் என்பதையும் விசாரித்து வெளியிடுங்கள். மீனவர் வீட்டுப் பிள்ளை ஒன்றுக்கு ஒவ்வொரு முறையும் ஓர் இடம் ஒதுக்குங்கள்.

நீங்கள் திரும்பும்போது அநேகமாக மார்ச் ஆகிவிடும். அப்போது எங்களுக்கு ஆண்டுத் தேர்வு, வந்தால் பிள்ளைகள் கவனிக்க மாட்டார்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் வாருங்கள். எங்களிடம் புரொஜெக்டர் உண்டு. ஒரு டம்ளரும் பனிக்கட்டியும் நான் எடுத்து வைக்கிறேன். முப்பது நிமிடம் நீங்கள் பேசினால் ஒரு மணி நேரம் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், அதற்கு நேரம் ஒதுக்கி வாருங்கள். அடுத்த ஆண்டும் அதே வகுப்புக்கு வர முடியுமா என்பதைப் புறப்படும் முன் எழுதும் அந்தத் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிரேக் கடலில் அலை குறைவாக இருக்கட்டும். பத்திரமாகப் போய் வாருங்கள்.

அன்புடன்,
கடலோரப் பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவர்